மானாப்புல்லும் அதன் உறவுகளும்: சிம்போபோகன் பேரினத்தின் வகைப்பாடும் உலகப் பரவலும்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ‘மானா’ என்று வழங்கும் புல், தாவரவியலில் சிம்போபோகன் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. கறிக்கும் தேநீருக்கும் போடும் எலுமிச்சைப்புல், கொசுவை விரட்டும் சிட்ரொனெல்லா எண்ணெய் தரும் புல், ரோஜாவின் வாசம் கொண்ட பாமரோசாப்புல் ஆகிய எல்லாம் இதே பேரினத்தின் இனங்களே. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் பராமரிப்பு நின்றுபோன தேயிலை மலைகளை ஆளுயரத்துக்கு மூடி நிற்கும் மானா, இந்த உறவினர் நடுவே வாசமும் விலையும் இல்லாத ஏழை உறவாகவே பார்க்கப்படுகிறது. ஆனால் இந்தப் பேரினம் பெயர் பெற்ற கதையிலும், இனம் பிரிக்கப்பட்ட கதையிலும், உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்ட கதையிலும் இலங்கையின் புல்லுக்கு நடு இடம் உண்டு. அதனால் மானாவிலிருந்து தொடங்கினால் பேரினம் முழுவதையும் பார்த்துவிடலாம்.

சிம்போபோகன் என்பது கிரேக்கச் சொற்கள் இரண்டின் சேர்க்கை. ‘கும்பே’ என்றால் படகு. ‘போகோன்’ என்றால் தாடி. பூத்து நிற்கும் மானாத் தண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெயரின் பொருள் விளங்கும். பெரிய பூந்துணரின் ஒவ்வொரு சிறு கிளையின் அடியிலும் படகு போல் குழிந்த செம்மஞ்சள் மடல் ஒன்று இருக்கும். அதற்குள்ளிருந்து இரண்டு குறுங்கதிர்கள் இரட்டையாக வெளிவரும். அக்கதிர்களில் மெல்லிய மயிர்கள் தாடி போல் படர்ந்திருக்கும். கதிரில் சிறுகதிர்களும் இரண்டிரண்டாகவே நிற்கும்: ஒன்று காம்பில்லாதது, விதை தருவது, மற்றது காம்புள்ளது, பெரும்பாலும் விதை தராதது. இந்த இரட்டைச் சிறுகதிர் அமைப்பு ஆண்ட்ரோபோகோனியே என்னும் புற்கூட்டம் முழுவதற்கும் பொது. கரும்பு, சோளம், மக்காச்சோளம், வெட்டிவேர், மலைப்புல்வெளிகளில் மானாவோடு கலந்து வளரும் தெமேடா ஆகியவை எல்லாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. மானாவைக் கரும்பின் தூரத்து உறவு என்று சொன்னால் அது உவமை இல்லை. வகைப்பாடே அப்படித்தான் சொல்கிறது.

இந்தக் கூட்டத்தின் மற்றப் புற்களிலிருந்து சிம்போபோகனைப் பிரித்துக் காட்டுவது இலையின் வாசம். இலைச் சதையில் உள்ள தனி எண்ணெய்ச் செல்களில் சிட்ரால், ஜெரானியோல், சிட்ரொனெல்லால் போன்ற ஆவியாகும் சேர்மங்கள் சேர்ந்து கிடக்கும். இலையைக் கசக்கினால் அந்தச் செல்கள் உடைந்து மணம் வரும். எல்லா இனத்திலும் ஒரே அளவில் வராது. எலுமிச்சைப்புல்லில் சிட்ரால் மிகுந்திருக்கும், பாமரோசாவில் ஜெரானியோல், இமயச் சாரலின் ஜ்வரன்குசா இனத்தில் பைப்பெரிட்டோன். மானாவில் எண்ணெய் குறைவு. அது வெயிலில் காய்ந்த இலைக்கட்டில் நின்று மூக்கைத் தொடும் அளவுக்கே இருக்கும்.

அறிவியல் உலகில் இந்தப் புல் நுழைந்த வழி இலங்கை வழிதான். 1672 முதல் ஏறத்தாழ 1680 வரை ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இலங்கையில் இருந்த பவுல் ஹெர்மன், தீவின் செடிகளைச் சேகரித்து உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்தார். அந்தத் தொகுப்பு பல கை மாறி, கடைசியில் சுவீடனின் கார்ல் லின்னேயஸிடம் வந்தது. அதை ஆதாரமாகக் கொண்டு அவர் 1747இல் ‘ஃப்ளோரா செய்லானிக்கா’ என்ற நூலை எழுதினார். பின் 1753இல், இருசொற் பெயரீட்டைத் தாவரங்களுக்கு முறையாகத் தந்த நூலில், இலங்கைப் புல்லுக்கு ஆண்ட்ரோபோகன் நார்டஸ் என்று பெயர் வைத்தார். அதே நூலில் அரேபிய, வட ஆபிரிக்கப் பாலை நிலத்து ஒட்டகப்புல்லுக்கு ஆண்ட்ரோபோகன் ஷீனாந்தஸ் என்ற பெயரும் வந்தது.

நார்டஸ் என்ற பெயரில் ஒரு பழைய மயக்கம் உறைந்திருக்கிறது. பண்டைய கிரேக்கரும் ரோமரும் பெரும் விலை கொடுத்து வாங்கிய ‘நார்டு’ என்ற வாசனைப் பொருள் புல்லிலிருந்து வந்ததன்று. இமயமலையில் வளரும் சடாமாஞ்சில் செடியின் வேர்த்தண்டிலிருந்து வந்தது. கீழைநாட்டு வாசனைப் பொருள்களின் பெயர்கள் ஐரோப்பாவை அடையும்போது புல்லும் வேரும் கலந்துபோயின. அந்தக் கலப்பின் சுவடு மானாவின் பெயரில் இன்றும் நிற்கிறது.

தமிழிலும் மணமுள்ள புற்களுக்குப் பழைய பெயர்கள் உண்டு. புறநானூற்றின் 132ஆம் பாடலில், இமயத்தில் நரந்தம்புல் மேயும் கவரிமா வருகிறது. நரந்தம் என்பது சிம்போபோகன் இனங்களுள் ஒன்று என்று கொள்வோர் பலர். இமயச் சாரலில் இந்தப் பேரினம் இயல்பாக வளர்வதால் அந்தக் கருத்து இடத்தோடும் பொருந்துகிறது. அகராதிகளில் காணும் சுக்குநாறிப்புல் என்ற பெயரும் கவனிக்கத்தக்கது. ‘நாறு’ என்பது நன்மணத்துக்கும் வழங்கிய காலத்துச் சொல்லமைப்பு அது. சுக்கைப் போல் மணப்பது என்பது பொருள். கேரளத்து இஞ்சிப்புல் என்ற பெயரும் அதே மோப்பத்தில் பிறந்ததுதான். வடமொழியின் ஜ்வராங்குசம், காய்ச்சலை அடக்கும் அங்குசம் என்று பொருள்படும். அந்தச் சொல்லே ஜ்வரன்குசா என்ற இனப்பெயராகத் தாவரவியலுக்குள் போயிற்று. கடல் கடந்து கரீபியன் தீவுகளுக்குப் போன எலுமிச்சைப்புல்லை அங்குள்ளவர்கள் ‘காய்ச்சல் புல்’ என்று அழைக்கிறார்கள். வேறு வேறு நிலத்து மக்கள் ஒரே பயனைப் பார்த்து ஒரே வகையில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆண்ட்ரோபோகன் என்ற பெரும் பையிலிருந்து மணப்புற்களைப் பிரித்துச் சிம்போபோகன் என்ற தனிப் பேரினத்தை 1815இல் நிறுவியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் குர்ட் ஷ்ப்ரெங்கல். ஆனால் அந்தப் பிரிப்பு உடனே நிலைக்கவில்லை. 1889இல் இந்தப் புற்கூட்டம் முழுவதையும் ஆராய்ந்து பெருநூல் எழுதிய எடுவார்ட் ஹாக்கெல், மணப்புற்களை மீண்டும் ஆண்ட்ரோபோகனுக்குள் அடக்கி, பல இனங்களை ஓரிரு இனங்களின் வகைகளாகச் சுருக்கினார். ஜோசப் ஹூக்கரின் இந்தியத் தாவரநூலும் அதே வழியில் போயிற்று. இலங்கைக்கு ஹென்ரி ட்ரைமன் எழுதத் தொடங்கிய தாவரக் கைநூலில் புற்கள் வரும் ஐந்தாம் தொகுதி, ட்ரைமன் 1896இல் இறந்தபின், ஹூக்கரின் கையால் 1900இல் வெளிவந்தது.

இந்தச் சுருக்கத்தால் துன்பப்பட்டவர்கள் தாவரவியலாளர்களைவிட எண்ணெய் வணிகர்கள். ஒரே இனத்தின் வகைகள் என்று நூல் சொல்லும் இரண்டு புற்களிலிருந்து வேறு வேறு எண்ணெய் வந்தது. வேறு வேறு விலை போயிற்று. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் ஓட்டோ ஸ்டாப்ஃப், 1906இல் ‘இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள எண்ணெய்ப் புற்கள்’ என்ற ஆய்வில் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார். பழைய பயணக் குறிப்புகள், உலர்த்திய மாதிரிகள், வணிகப் பெயர்கள், எண்ணெயின் தன்மை ஆகியவற்றை ஒன்றுக்கொன்று ஒத்துப்பார்த்து, சிம்போபோகனைத் தனிப் பேரினமாக மீட்டார். எலுமிச்சைப்புல்லுக்குச் சிம்போபோகன் சிட்ராட்டஸ் என்ற இன்றைய பெயர் அந்த ஆய்வில்தான் வந்தது.

ஸ்டாப்ஃப் வகுத்த மூன்று வரிசைகள் இன்றும் பேரினத்தைப் புரிந்துகொள்ள நல்ல வழி. முதலாவது ஷீனாந்தி வரிசை: கம்பி போல் குறுகிய இலை, வறண்ட நிலத்து வாழ்வு. ஒட்டகப்புல்லும் ஜ்வரன்குசாவும் இதில் வரும். இரண்டாவது ரூசே வரிசை: அகன்ற இலை, அதன் அடிப்பகுதி இதய வடிவில் தண்டை அணைத்து நிற்கும், காம்பில்லாச் சிறுகதிரின் கீழ் உமியில் ஆழமான ஒரு பள்ளம் ஓடும். பாமரோசா தரும் மார்ட்டினி இனமும் தென்னிந்தியாவின் சீசியஸ் இனமும் இதில் அடங்கும். மூன்றாவது சிட்ராட்டி வரிசை: நீண்ட இலை, அடியை நோக்கிக் குறுகி வரும், கீழ் உமி தட்டையாகவோ சற்றே குழிந்தோ இருக்கும். எலுமிச்சைப்புற்கள், சிட்ரொனெல்லாப் புற்கள், மானா ஆகிய மூன்றும் இந்த வரிசையின் உறவினர். பூக்காத புல்லை வரிசைப்படுத்த வேண்டியவருக்கு இலையின் அடிப்பகுதியே முதல் சாட்சி.

ஸ்டாப்ஃபின் வேலையை இலங்கை மண்ணில் நின்று தொடர்ந்தவர் ஜோவிட். பண்டாரவளையில் இருந்துகொண்டு மானாவையும் சிட்ரொனெல்லாப் புற்களையும் ஆராய்ந்த அவர், 1908இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஆண்டிதழில் தன் முடிவுகளை வெளியிட்டார். தென்மாகாணத்துச் சிங்கள விவசாயிகள் சிட்ரொனெல்லாவை ஏற்கெனவே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ‘லேனபட்டு’ என்பது குறுகிய நீண்ட இலையும் தாங்கும் உரமும் கொண்டது. ‘மஹ பெங்கிரி’ என்பது அகன்ற இலை, நல்ல மண்ணையும் கவனிப்பையும் கேட்பது, ஆனால் உயர்ந்த எண்ணெய் தருவது. மஹ பெங்கிரிக்கு ‘வின்டர் புல்’ என்ற பெயரும் வழங்கிற்று. காலிக்கு அருகே பத்தேகமையில் அதைப் பயிரிட்ட வின்டர் என்பவரின் பெயர் அது. ஜோவிட் அந்தப் பெயரையே எடுத்துச் சிம்போபோகன் வின்டெரியானஸ் என்று தனி இனமாக்கினார். விவசாயியின் கண் கண்ட வேறுபாட்டை அறிவியல் பிறகு வந்து எழுதிக்கொண்டது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

சிங்களப் பெயரிடலில் இன்னொரு நுட்பமும் உண்டு. மானா என்பது பொதுப்பெயர்; புளிப்பு மணமுள்ள சிட்ரொனெல்லா ‘பெங்கிரி மானா’. அதாவது எண்ணெய்ப் புல்லை மானாவின் ஒரு வகையாகவே மக்கள் கண்டார்கள். பயிரிடப்படும் சிட்ரொனெல்லாப் புற்கள் இலங்கையின் காட்டு மானாவிலிருந்தோ அதன் நெருங்கிய உறவிலிருந்தோ மனிதக் கையால் தெரிந்தெடுக்கப்பட்டவை என்ற கருத்து தாவரவியலிலும் வலுவானது. மலையக மானாவைச் சிலர் நார்டஸ் இனத்தின் கன்ஃபெர்டிஃப்ளோரஸ் வகை என்பர். சிலர் அதைத் தனி இனமாக உயர்த்துவர். சிலர் இரண்டையும் பிரிக்காமல் நார்டஸ் என்றே எழுதுவர். தேயிலை ஆராய்ச்சி வெளியீடுகளில் சிம்போபோகன் கன்ஃபெர்டிஃப்ளோரஸ் என்ற பெயரே அடிக்கடி வரும்.

இந்த இழுபறிக்குக் காரணம் அறிஞர்களின் பிடிவாதம் அல்ல, புல்லின் இயல்பு. சிம்போபோகனின் அடிப்படைக் குரோமோசோம் எண் 10. ஆனால் 20, 40, 60 என்று மடங்காகப் பெருகிய இனங்கள் உண்டு. நெருங்கிய இனங்கள் ஒன்றோடொன்று கலக்கும். எலுமிச்சைப்புல் சிட்ராட்டஸ் அபூர்வமாகவே பூக்கும். காட்டில் எங்கும் காணப்படாமல், தூர் பிரித்து நடப்பட்டே உலகமெல்லாம் சென்றது. பூவை வைத்து இனம் பிரிக்கும் துறையில் பூக்காத புல்லுக்கு என்ன செய்வது? எண்ணெயை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அதுவும் முழுதாகக் கைகொடுக்காது. மார்ட்டினி இனத்திலேயே ‘மோத்தியா’, ‘சோபியா’ என்று இரண்டு வகைகள் உண்டு. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்று. மோத்தியாவிலிருந்து பாமரோசா எண்ணெய், சோபியாவிலிருந்து மலிவான இஞ்சிப்புல் எண்ணெய். உருவம் ஒன்று சொல்ல, மணம் வேறொன்று சொல்லும் பேரினம் இது.

போர் என்ற தாவரவியலாளர் 1950களில் இந்தியா, பர்மா, இலங்கைச் சிம்போபோகன்களை மறுபடி ஆராய்ந்தார். 1960இல் வந்த அவரது பெருநூல், இந்நாடுகளின் புற்களுக்கு நீண்டகாலம் கைநூலாக இருந்தது. உலகம் முழுவதற்குமான திருத்தத்தை 1977இல் இந்தோனேசியாவின் சூனார்கோ செய்தார். 56 இனங்களை ஏற்றார். ஏறத்தாழ 55 இனங்கள் என்ற கணக்கே இன்றும் நூல்களில் வழங்குகிறது. இலங்கைத் தாவரக் கைநூலின் திருத்திய பதிப்பில் புற்களுக்கான எட்டாம் தொகுதி 1994இல் கிளேட்டனும் துணையாசிரியர்களும் எழுத வெளிவந்தது.

இயற்கைப் பரவலைப் பார்த்தால் சிம்போபோகன் பழைய உலகத்தின் வெப்ப மண்டலப் புல். அமெரிக்கக் கண்டங்களில் இயல்பாக வளரும் இனம் இதில் இல்லை. அங்கே இருப்பவை எல்லாம் கப்பலேறிப் போனவை. மேற்கு ஆபிரிக்கச் சவன்னாக்களில் ஜைகான்டியஸ் இனம் ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளரும். கிழக்கு ஆபிரிக்க மேட்டுநிலங்களில் நார்டஸ் கூட்டத்தின் புல் பரந்து கிடக்கிறது. உகண்டாவின் மேய்ச்சல் நிலங்களில் மாடு தீண்டாத களையாக அது கால்நடை வளர்ப்போருக்குத் தலைவலி. மலையகத்தில் மானாவைப் பற்றிப் பால்மாடு வைத்திருப்போர் சொல்லும் குறையும் இதுவே.

வட ஆபிரிக்காவிலும் அரேபியாவிலும் ஷீனாந்தஸ் வளர்கிறது. அரபு மொழியில் அதற்கு இத்கிர் என்று பெயர். மக்காவின் செடிகளை வெட்டக்கூடாது என்ற தடையில், வீட்டுக் கூரைக்கும் அடக்கத்துக்கும் வேண்டுமென்று இத்கிருக்கு மட்டும் நபிகள் விலக்கு அளித்ததை நபிமொழித் தொகுப்புகள் சொல்கின்றன. பாலை நிலத்திலும் இந்தப் பேரினம் கூரைப்புல்லாக இருந்திருக்கிறது. ஈரான், பாகிஸ்தான் வழியாக இமய அடிவாரம் வரை ஜ்வரன்குசா வரும். இமயச் சாரலின் கிழக்கே போகப்போக இனங்களின் எண்ணிக்கை கூடும்.

இந்தியத் துணைக்கண்டமே பேரினத்தின் வளமான இடம். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் ஃபிளெக்சுவோசஸ், அதாவது மலபார்ப் புல் அல்லது கொச்சிப் புல், காட்டிலும் பயிரிலும் வளர்கிறது. இதன் ஆராய்ச்சிக்கென்று கேரளத்து ஓடக்காலியில் 1951இல் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. நடு இந்தியாவின் வறண்ட காடுகள் மார்ட்டினியின் வீடு. அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. லக்னோவில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரத் தளபதி கிளோட் மார்ட்டின், மைசூர்ப் போர்க்காலத்தில் பாலகாட் மேட்டுநிலத்தில் கண்ட மணப்புல்லின் விதையை லக்னோவில் விதைத்தார். அங்கிருந்து கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் ராக்ஸ்பரோவுக்குப் போன புல், மார்ட்டினின் பெயரைத் தாங்கிற்று. அதன் எண்ணெய் பம்பாயிலிருந்து செங்கடல் வழியே கான்ஸ்டான்டினோபிளுக்குப் போய், பல்கேரிய ரோஜா அத்தரோடு கலக்கப்பட்டது. ஐரோப்பியச் சந்தையில் அதற்குத் துருக்கி ஜெரேனிய எண்ணெய் என்று பெயர். அது துருக்கியில் விளைந்ததும் இல்லை, ஜெரேனியமும் இல்லை.

கிழக்கே சீனா, தைவான், ஜப்பான் வரை டார்ட்டிலிஸ் போன்ற இனங்கள் எட்டியுள்ளன. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைநிலத்தில் பட்டுப்போன்ற வெண்கதிர் கொண்ட ஒப்டெக்டஸ், கிழக்குக் கரையில் சிறுகதிர்கள் பின்னோக்கி மடங்கி முட்கம்பி போல் தோன்றும் ரிஃப்ராக்டஸ் என்று தனி இனங்கள் உண்டு. அம்பிகுவஸ் இனத்தை ஆஸ்திரேலியத் தொல்குடியினர் மருந்தாகப் பயன்படுத்தினார்கள்.

இலங்கைத் தீவுக்குள்ளேயே பரவல் சுவையானது. வடக்கே வறண்ட நிலத்தில் பாலிநியூரஸ் என்ற இனம் வளர்கிறது. ஆங்கிலத் தாவர நூல்கள் அதை டெல்ஃப்ட் புல் என்கின்றன. டெல்ஃப்ட் என்பது ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு வைத்த பெயர். தெற்கே மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம் பயிரிடப்படும் சிட்ரொனெல்லா. தீவெங்கும் வீட்டுப் பின்புறங்களில் கறிக்குப் போடும் சிட்ராட்டஸ். சிங்களத்தில் அது ‘சேர’, மலாயில் ‘செராய்’, ஒலியிலேயே இரண்டும் உறவு. நடு மலைநாட்டில் மானா.

தென்மாகாணத்துச் சிட்ரொனெல்லா எண்ணெய் ஒரு காலத்தில் உலகச் சந்தையில் இலங்கையின் பெயரால் அறியப்பட்ட சரக்கு. சவர்க்காரத்துக்கு வாசனை சேர்க்க ஐரோப்பா அதை வாங்கியது. மண்ணெண்ணெய் கலப்படம் பெருகியதால் லைப்சிக் நகரத்து ஷிம்மெல் நிறுவனம் தனிச் சோதனை முறை ஒன்றையே வகுக்க வேண்டியிருந்தது. ஷிம்மெல் சோதனை என்ற பெயர் வணிகத்தில் நிலைத்துவிட்டது. இதற்கிடையில் மஹ பெங்கிரிப் புல் ஜாவாவுக்குப் போயிற்று. லேனபட்டிலிருந்து வரும் இலங்கை வகை எண்ணெயில் மொத்த ஜெரானியோல் அளவு நூற்றுக்கு 55 முதல் 65 வரை. ஜாவா வகையில் 85க்கு மேல். இலங்கைப் புல்லைக் கொண்டே ஜாவா இலங்கையின் சந்தையைப் பிடித்தது. பின்னர் தைவான், சீனா, குவாத்தமாலா என்று பயிர் பரவியது. வின்டெரியானஸ் எண்ணெய் இன்றும் உலகச் சந்தையில் ‘ஜாவா சிட்ரொனெல்லா’ என்றே விற்பனையாகிறது. பத்தேகமையின் பெயர் அறிவியல் நூலுக்கு வெளியே யாருக்கும் நினைவில்லை. இது வருந்தத்தக்கது.

மலைநாட்டில் மானாவின் இயல்பான வீடு பத்தனை, அதாவது மலைப்புல்வெளி. இவற்றை உலர்பத்தனை, ஈரப்பத்தனை என்று இரண்டாகப் பார்ப்பர். ஊவாப் பக்கத்துச் சரிவுகளில் பரந்த உலர்பத்தனைகளில் மானாவும் தெமேடாவும் ஆட்சி செய்கின்றன. உயரம் கூடக்கூட மானா குறைகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், சனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனி விழும் ஊர். அதைச் சூழ்ந்த உயர் சமவெளிகளிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் கிரைசோபோகன், அருந்தினெல்லா போன்ற குட்டைப்புற்களின் ஈரப்பத்தனை தொடங்கிவிடுகிறது. 1899இல் இப்பத்தனைகளைப் பற்றி முதல் விரிவான ஆய்வை எழுதியவர் ஹரோல்ட் பியர்சன். பின்னாளில் தென்னாபிரிக்காவின் கேர்ஸ்டன்பொஷ் தாவரப் பூங்காவை நிறுவியவரும் அவரே. 1951இல் ஹோம்ஸ் என்பவர் இலங்கையின் புல்நிலங்கள் அனைத்தையும் வகைப்படுத்தினார். மண்ணும் காற்றும் பத்தனையை உண்டாக்கினவா, மனிதன் வைத்த தீ உண்டாக்கியதா என்ற விவாதம் பியர்சன் காலத்திலிருந்தே நடக்கிறது. எப்படித் தொடங்கியிருந்தாலும், பத்தனையைக் காடாக மாறவிடாமல் வைத்திருப்பதில் தீக்குப் பெரும் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

தீயோடு மானாவுக்கு உள்ள ஒப்பந்தம் அதன் உடலமைப்பில் இருக்கிறது. வளரும் மொட்டுகள் மண்மட்டத்தில், பழைய இலையுறைகளின் நெருக்கமான அடுக்குக்குள் ஒளிந்திருக்கும். காய்ந்த தோகையும் அதிலுள்ள எண்ணெயும் சடசடவென்று எரிந்து போகும். அடித்தூர் உயிரோடு நிற்கும். முதல் மழைக்குப் பின் பச்சைக் குருத்து வந்துவிடும். முற்றிய மானாவை மாடு தொடாது. இலையோரம் அரம் போல் கீறும், மணமும் பிடிக்காது. குருத்தை மட்டும் மேயும். அந்தக் குருத்துக்காகத் தீ வைப்பதும், அந்தத் தீயால் மரக்கன்றுகள் அழிந்து மானா மட்டும் பெருகுவதும் ஒரு சுற்று. ஊவாவில் கச்சான் காற்றடிக்கும் நடுவாண்டு மாதங்களும், ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் சனவரி முதல் மார்ச் வரையும் இந்தத் தீயின் காலம். எரிந்த சரிவின் மண்ணை அடுத்த பெருமழை கழுவிக்கொண்டு போகும். அந்த மண் போய்ச் சேரும் இடம் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்கள்.

தேயிலை வந்த பிறகு மானாவுக்குப் புதிய இடங்கள் கிடைத்தன. கவ்வாத்தும் களையெடுப்பும் நின்று, தூர்கள் செத்து இடைவெளி விழுந்த மலையில், வெளிச்சம் படும் எந்த இடத்திலும் மானா ஏறிவிடும். சில ஆண்டுகளில் தேயிலைச் செடி எங்கே என்று தேட வேண்டும். தோட்டத்து மக்கள் அதை மானாக்காடு என்கிறார்கள். பன்றியும் சிறுத்தையும் ஒதுங்கும் இடமாக அது ஆகிவிடுவதால், பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அது நாள்தோறும் உள்ள அச்சம். ஆனால் அதே புல்தான் தோட்டங்களின் தொடக்க காலத்தில் தகரம் வருமுன் கூரை வேய உதவியது. இன்றும் மாட்டுத் தொழுவத்துக்கும் விறகுக் கொட்டிலுக்கும் உதவுகிறது. மானாவைத் தோட்டத்தின் பகை என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை.

மறுபாதியைத் தேயிலை ஆராய்ச்சியே எழுதியது. 1925இல் தொடங்கப்பட்டு, தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன் மண்ணைப் புல்லால் தேற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குத் தெரிந்தெடுத்த புற்கள் இரண்டு. ஒன்று மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த குவாத்தமாலாப்புல். மற்றது மானா. குவாத்தமாலாப்புல் விரைவில் தழைக்கும், ஆனால் ஓரளவு வளமான மண்ணைக் கேட்கும். மானா மெலிந்த, வறண்ட மண்ணிலும் நிற்கும், ஆனால் பலன் தரச் சற்றுக் கூடுதல் காலம் வேண்டும்.

ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை புல் நிலத்தில் நிற்கும். இடையிடையே தோகையை வெட்டி அதே மண்ணின் மேல் பரப்புவார்கள். நார்வேர்கள் இறுகிய மண்ணைப் பிளந்து காற்றுக்கும் நீருக்கும் வழி விடும். தோகை மக்கி உக்கலாகும். இதைவிட முக்கியமான வேலை கண்ணுக்குத் தெரியாதது. உயர்நாட்டுத் தேயிலையின் வேரைத் துளைக்கும் பிரட்டிலெங்கஸ் லூசி என்னும் நுண்புழு மானாவின் வேரில் பெருகாது. பழைய தேயிலையின் வேர்த்துண்டுகளைப் பற்றி மண்ணில் தங்கும் வேர்நோய்ப் பூசணங்களுக்கும் இந்த இடைவெளியில் உணவு அற்றுப்போகும். கைவிட்ட மலையில் தேயிலையை மூடிக் கொல்லும் புல், புதிய தேயிலைக்கு நிலத்தைக் காய்ச்சல் தீர்த்துக் கொடுக்கும் புல்லும் ஆகிறது. ஜ்வராங்குசம் என்ற பழம்பெயர் மானாவுக்குச் சூட்டப்பட்டதன்று. ஆனாலும் அந்தப் பெயரில் இதற்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

எண்ணெய்ப் புற்களைப் பெருக்குவோரும் இந்தக் காட்டுப் புல்லிடம் வந்து நின்றிருக்கிறார்கள். ஜம்முவில் இந்திய ஆய்வுக்கூடம் ஒன்று உருவாக்கிய ‘ஜாம்ரோசா’ என்ற கலப்பினத்தின் ஒரு பெற்றோர் இமயத்து ஜ்வரன்குசா. மறுபெற்றோர் நார்டஸின் கன்ஃபெர்டிஃப்ளோரஸ் வகை, அதாவது மானா. அந்தக் கலப்பினத்தின் எண்ணெயில் ஜெரானியோல் மிகுதி. எண்ணெய் குறைந்தது என்று ஒதுக்கப்பட்ட புல்லின் மரபுக்குள் அந்த மணத்துக்கான திறன் அடங்கிக் கிடந்திருக்கிறது.

ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியே நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இந்த வகைப்பாட்டைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். சரிவில் வெள்ளைப் பஞ்சு போன்ற கதிரோடு முழங்கால் உயரத்தில் நிற்பது இலுக்கு. அது சிம்போபோகன் அன்று. சோளத்தட்டை போல் அகன்ற இலையோடு வரிசையாக நட்டிருப்பது குவாத்தமாலாப்புல். அது மக்காச்சோளத்துக்கு நெருங்கிய உறவு. குத்துக்குத்தாக, தோகை நுனி வளைந்து, படகு மடல்கள் செம்மஞ்சளாகத் தொங்கும் பூந்துணரோடு நிற்பது மானா. மறுநடுகைக்கான மலையில் அது வரிசையாக நிற்கும். கைவிட்ட மலையில் வரிசை இருக்காது. புல்லின் தவணை முடிந்ததும் தூரோடு பிடுங்கி, குழி வெட்டி, விதையிலிருந்தன்றித் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த ‘விபி’ தேயிலைக் கன்று நடுவார்கள். பிடுங்கிய மானா கன்றின் அடியிலேயே மூடாக்காகக் கிடக்கும். கானோரத்தில் மண் சரியாமல் இருக்க விட்டுவைத்த சில தூர்கள் மட்டும் அடுத்த மழைக்குத் துளிர்த்து நிற்கும்.